ஏழு மணிக்கு மேல் பேச்சு இல்லை

ஏப்ரல் 21, திங்கள்

நான் வேலை பார்க்கும் டயர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாக அரிசி டின் மேல் கிடந்தது. இன்றைக்குத் தூசு தட்டி எடுத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கேட்கவேண்டிய வீட்டுக்காரரோ லாரியை எடுத்துக்கொண்டு லூமுட் துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

என் மகள் தினேஸ்வரி வாய்விட்டுப் படித்தாள்!

நாலாம் ஆண்டுக்கு வந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. வீட்டில் என்னையே மிஞ்சுவாள், வகுப்பில் ஊமை. "அமைதியான மாணவி" என்று ஒவ்வொரு வருஷமும் எழுதி அனுப்புவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடப்புத்தகத்துக் கதையைக் குரல் மாற்றி மாற்றிப் படிக்கிறாள். நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல். வகுப்பிலும் இப்படித்தான் படித்தாளாம்.

"எப்படிடி?" என்றேன்.

"கௌசிகா டீச்சர் எல்லாரையும் பாத்து படிக்கச் சொல்லலம்மா. கதவைப் பாத்து படின்னு சொன்னாங்க. கதவு சிரிக்காதுல்ல."

இத்தனை வருஷம் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அந்த டீச்சருக்கு ஏதாவது செய்யவேண்டும். நல்லவேளை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான்தான் செயலாளர். (யாரும் கை தூக்காததால் என் தலையில் கட்டினார்கள்.) அடுத்த மாதம் ஆசிரியர் தினம். இந்தத் தடவை எங்கள் சுங்கை சிப்புட் ஊரே பேசவேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

சங்கத் தலைவர், பட்டறை வைத்திருக்கும் சதாசிவம் அண்ணன் ஒத்துக்கொண்டார். பிரியாணி, பலூன், பிள்ளைகள் நடனம், மேடைக்கு அவருடைய புகழ்பெற்ற அலங்கார வளைவு. அன்பளிப்பு வழக்கம்போல டீ குடிக்கிற கோப்பை.

மே 3, சனி

பள்ளியில் கோத்தோங் ரோயோங். ஆசிரியர் தினத்துக்காக எல்லாரும் சேர்ந்து துப்புரவு வேலை. ரப்பர் தோட்டம் போய், தோட்டத்து ஆட்களின் வீடுகள் போய், சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனை மட்டும் நிற்கிற இடத்தில் எங்கள் பள்ளி. ஒரு வாரம் கூட்டாவிட்டால் காடு உள்ளே வந்துவிடும்.

பெற்றோர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தோம். அதற்குள் ஆசிரியர்கள் பாதி வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். கௌசிகா டீச்சர் சனிக்கிழமையும் பாவம் ஈப்போவிலிருந்து காரோட்டி வந்து, இருமிக்கொண்டே கூட்டினார். நல்ல ஒத்துழைப்பு. பெற்றோரும் ஆசிரியரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். எல்லாரும் கைதட்டல் அனுப்பினார்கள்.

மே 16, வெள்ளி

விழா முடிந்தது. கால் வலிக்கிறது. மனசும் ஒரு மாதிரி இருக்கிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் போனபோது கௌசிகா டீச்சர் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். தன்னைப் பாராட்டப்போகிற மேடைக்குத் தானே பலூன். நடனம் சொல்லிக்கொடுத்ததும் அவர், நிகழ்ச்சி நடத்துகிற பிள்ளைக்குப் பேச்சு எழுதிக்கொடுத்ததும் அவர், மைக் இரைந்தபோது ஓடிப்போய் ஒயரைத் திருகியதும் அவர். நான் பாட்டுக்கு ரோஸ் கலர் பட்டுடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சதாசிவம் அண்ணன் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடமாட்டார் என்பது தெரிந்ததுதான்.

"வருஷம் பூரா நின்னுகிட்டே இருக்காங்கலா நம்ம ஆசிரியருங்க! இன்னிக்கு ஒரு நாளாவது அவங்க உக்காரணும்!"

படபடவென்று கைதட்டினோம். நான் திரும்பிப் பார்த்தேன். ஆசிரியர்கள் எல்லாரும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள், பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு.

அப்புறம் பிரியாணி. பிள்ளைகளுக்குப் பரிமாறியது ஆசிரியர்கள். தட்டுக் கழுவியதும் பாதி ஆசிரியர்கள்தான். அன்பளிப்புக் கோப்பைகளை உள்ளே வைக்கலாமே என்று ஆசிரியர் அறைக்குப் போனேன். செயலாளராகி இவ்வளவு நாளாகியும் நான் அந்த அறைக்குள் போனதே இல்லை. வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன்.

உள்ளே நுழைய வழி இல்லை. சுவர் முழுக்க அடுக்கிய சிவப்பு நாற்காலிகள், பெரிய பெரிய அண்டாக்கள், சுருட்டிய கூடாரம், பழைய பேனர்கள். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் பெ.ஆ.ச. எல்லாம் எங்கள் சங்கத்துச் சாமான்! மிச்சம் இருந்த இடத்தில்தான் ஆசிரியர்கள். கௌசிகா டீச்சர் ஒரு நாற்காலி அடுக்கையே மேசையாக்கி நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அலமாரி நிறையக் கோப்பைகள். போன வருஷத்தது, அதற்கு முந்தின வருஷத்தது. கழுவத்தான் குழாய் இல்லை. திடல் ஓரத்திலிருந்து வாளியில் கொண்டுவருவார்களாம்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"டீச்சர், அடுத்த வருஷம் இன்னும் கிராண்டா செஞ்சிருவோம். என்ன வேணும், சொல்லுங்க."

டீச்சர் பேனாவை மூடினார். "கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்கா."

"சொல்லுங்க டீச்சர்."

"அடுத்த வருஷம் ஒண்ணும் செய்யாதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் மூக்கு உடைந்தது. கோப்பைகளைக் கூடாரத்தின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 17, சனி

இன்னும் கோபம். ஒரு மாதம் நாய் மாதிரி அலைஞ்சேனே, எதுக்கு? ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்லத்தானா?

வீட்டுக்காரர் லூமுட்டிலிருந்து வந்தார். சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் சிரிக்கிறார்.

"போன வருஷம் எங்க கம்பெனில டிரைவருங்களுக்குன்னு டின்னர் வச்சாங்க, ஞாபகம் இருக்கா? அதுக்கு மேசை நாற்காலி எல்லாம் ஏத்திட்டு வந்தது யாரு?"

"யாரு?"

"நான்தான்லா. எறக்கி வச்சதும் நான்தான். சாப்பிட்டு முடிச்சதும் திருப்பி ஏத்தினதும் நான்தான்."

இந்தத் தர்மேந்திரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் ஜெயித்த வாதம் ஒன்றுகூட இல்லை.

மே 20, செவ்வாய்

காளியம்மா அக்கா மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றக் கடைக்கு வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். மகன் பவித்ரன் எங்கள் தினேஸ் வகுப்புதான். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "கௌசிகா டீச்சரு மாற்றல் கேக்கப் போறாங்களாமே. ஒனக்கு தெரியாதா?"

தெரியாது.

சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அக்கா திருப்பிக் கொடுத்தார்.

மே 22, வியாழன்

கேட்டேவிட்டேன். பள்ளி முடிந்து டீச்சர் வாசலில் நின்றார். கூடவே வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள், அவர்களில் பவித்ரனும். டீச்சர் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.

"ஈப்போல வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பள்ளி இருக்குக்கா. விண்ணப்பம் ஆகஸ்ட்ல திறப்பாங்க. இன்னும் முடிவு செய்யல."

"பிள்ளைங்க தொல்லையா டீச்சர்?"

"ஐயோ, இல்ல. பாடம் நடத்த எனக்கு களைப்பே வராது. மத்ததுதான்."

மற்றது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாம் என் கண்முன்னே நின்றது: பின்னால் அந்த அறை, முன்னால் இந்தப் பிள்ளைகள், கையில் ஓயாமல் டிங் டிங் என்று கத்துகிற கைப்பேசி. கத்தியது எங்கள் பெற்றோர் குழுதான்.

தினேசிடம் சொல்லவேண்டாம் என்றார். எப்படிச் சொல்வேன்? இப்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது. ஆகஸ்டில் பேரா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கான கதை சொல்லும் போட்டிக்கு டீச்சர் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார். டீச்சர் போய்விட்டால் என் மகள் மறுபடி வாயைப் பூட்டிக்கொள்வாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 24, சனி

சங்கக் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். சதாசிவம் அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "விட்டுருவோமா? அந்தம்மாவுக்கு ஒரு பாராட்டு விழா வைப்போம்லா! பொன்னாடை, மாலை, தவில் நாதஸ்வரம். மனசு மாறிரும்!"

நான் கத்திவிட்டேன். "அண்ணே, அந்த விழாவுக்கு பலூன் யாருண்ணே ஊதுவா?"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. பாவமாகவும் இருந்தது. மோசமான மனிதர் இல்லை. கௌரவிப்பது என்றால் அவருக்கு மாலைதான். எனக்கும் போன வாரம் வரைக்கும் அப்படித்தானே?

முடிவாக ஒன்று செய்தோம். லீவு முடிந்ததும் ஆசிரியர்களையே உட்காரவைத்துக் கேட்பது. 'என்ன வேண்டும்' என்று கேட்கக்கூடாது. 'நாங்கள் செய்வதில் எது உங்களுக்குச் சுமை' என்று கேட்கவேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கேட்டுவிட்டோம். ஓய்வு நேரத்தில் பிள்ளைகளைத் தாய்மார்கள் திடலில் பார்த்துக்கொண்டார்கள். தேத்தண்ணி நாங்களே கலக்கிக் கொண்டுபோனோம். தலைமையாசிரியர் தேவன் சார் உட்பட எல்லாரும் வந்தார்கள். வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பூபாலசிங்கம் சார்தான் முதலில் தொண்டையைச் செருமினார். அடுத்த வருஷம் பணி ஓய்வு பெறப்போகிறவர். "உண்மையாவே சொல்லலாமா?"

"சொல்லுங்க சார்."

"படுத்து தூங்கின பிறகு எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. ஏதோ அவசரம்னு பதறி எழுந்து பாத்தேன். 'விளையாட்டுப் போட்டிக்கு சாக்ஸ் என்ன கலர்'னு கேட்டிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சதாசிவம் அண்ணன். பாதியில் சிரிப்பு நின்றது. சாக்ஸ் கேட்டது அவர்தான்.

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருவது. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பு வாசலில் வந்து நின்று பேசுவது. சனிக்கிழமைகள். அந்த அறை. ஒரு டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கி, உடனே "தூசி" என்றார். நிறைய வேலை எங்களால் வந்தது இல்லை, அதையும் சொன்னார்கள். கணினியில் ஏற்றுகிற விவரங்கள் மட்டும் மலை மாதிரி இருக்கிறதாம். எழுத்தர் இடம் காலியாகி ரொம்ப நாளாகிறது. அதையும் ஆசிரியர்கள்தான் பார்க்கிறார்கள்.

"அதை நீங்க மேல கேக்கலாமே சார்?" என்றேன்.

பூபாலசிங்கம் சார் சிரித்தார். "நாங்க கேட்டா அது புகார். நீங்க கேட்டா கோரிக்கை."

இன்று முதல் சட்டம்: சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் காலை ஏழு மணி வரை வாட்ஸ்அப் குழுவில் யாரும் பேசக்கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் தேவன் சாருக்குப் போன் செய்யலாம். மீறுகிறவர் மறுநாள் ஆசிரியர் அறைக் கோப்பைகளைக் கழுவவேண்டும்.

(வாட்ஸ்அப் என்று எழுதாதே, புலனம் என்று எழுது என்கிறாள் தினேஸ். டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம். சரி, புலனம்.)

ஜூன் 21, சனி

இன்றைக்கு ஆசிரியர் அறையைக் காலி செய்தோம். ஆசிரியர்கள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். இருந்தும் பழக்கதோஷத்தில் கௌசிகா டீச்சர் கையில் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார். காளியம்மா அக்கா வாசலை மறித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க டீச்சர். போய் தூங்குங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டேனே அக்கா..."

"அப்ப டவுனுக்குப் போயி ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டுப் போங்க. உள்ள விடமாட்டேன்லா."

துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

அண்டாக்கள் கோயில் மண்டபத்துக்குப் போயின. நாற்காலிகளையும் கூடாரத்தையும் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றினார். ("பாத்தியா, மறுபடியும் நான்தான்," என்றார்.) மிஞ்சியது சதாசிவம் அண்ணனின் வளைவு. நடுவில் அவர் படம், இருபக்கமும் மயில், மேலே சீரியல் பல்ப். கோயிலில் இடம் இல்லை. என் வீட்டில் இடம் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசியில் அண்ணனே தன் வீட்டுக் கார் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

அந்த வளைவு சாத்தியிருந்த சுவரில், ஒட்டிக் கிடந்த பழைய பேனருக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது! அங்கே வந்து இத்தனை வருஷமாகியும் ஆசிரியர்கள் யாருக்கும் அது தெரியாது. காலையில் தேவன் சார் தள்ளித் திறந்தாராம். காற்று பிய்த்துக்கொண்டு வந்ததாம். தினேஸ் சொன்னாள், "டீச்சர் 'இங்க ஜன்னலா!'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாங்கம்மா."

சதாசிவம் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்கள் 'யாருக்குக் கல்யாணம்' என்று கேட்கிறார்களாம்.

ஜூலை 2, புதன்

முதல் அபராதம். நேற்று இருட்டியபிறகு குழுவில் ஒரு ரோஜாப்பூப் படம் வந்து விழுந்தது: "இனிய இரவு வணக்கம்." அனுப்பியவரைச் சொல்லவேண்டுமா?

தலைவராச்சே, நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். திடல் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். நடுவில் ஒருதரம் வழுக்கிச் சட்டையெல்லாம் நனைந்தது. கழுவி முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அலாமாக். ஒரு கோப்பை கழுவ இவ்வளவு தூரம் நடக்கணுமா? தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான்," என்றார் பூபாலசிங்கம் சார்.

"ஏன்யா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கோப்பை குடுத்தப்ப குழாய் கேக்க கூச்சமா இருந்துச்சு."

அண்ணன் அங்கிருந்தே தன் பட்டறைக்குப் போன் போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

தேவன் சாரிடம் அனுமதி வாங்கி, ஆசிரியர் அறைக்குக் குழாயும் கழுவு தொட்டியும் வந்தாயிற்று. தொட்டிக்கு மேலே தன் பெயர் பொறித்த பலகை மாட்டலாமா என்று அண்ணன் கேட்டார். நான் ஒரு பார்வை பார்த்தேன். சின்னப் பலகைதான் என்றார். இன்னொரு பார்வை பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

இது சுலபமாக முடியாது என்று தெரியும். பள்ளி முடிந்தும் வாசலில் காத்துக்கிடக்கிற பிள்ளைகள் விஷயம்.

கூட்டத்தில் யாரோ "நேரத்துக்கு வரமுடியாதவங்களுக்கும் அபராதம் போடுங்க" என்றார். காளியம்மா அக்கா எழுந்துவிட்டார்.

"நான் என்ன சொகமா வீட்ல தூங்கிட்டா லேட்டா வாரேன்? ஷிப்ட் முடியாம வெளிய வந்தா சம்பளத்துல வெட்டுவான். டீச்சரு பாவம்தான். அப்ப நான்?"

அபராதம் கேட்டவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். எனக்கும் வெட்கமாக இருந்தது. டீச்சரின் கஷ்டத்தைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைப்பதா உதவி?

வழியையும் அக்காவே சொன்னார். "தோட்டத்துல எங்கம்மா விடியக்காலம் பெரட்டுக்குப் போவாங்க. ஆளு எண்ணி, இன்னிக்கு நீ இங்க, நீ அங்கன்னு வேலை பிரிச்சு விடுவாங்க. நாமளும் அப்படி பெரட்டு வைப்போம். பக்கத்துலதான் கோயில் மண்டபம் இருக்கு. தினம் ரெண்டு பேரு உக்காந்து பிள்ளைங்களைப் பாத்துக்கணும். எனக்கு லீவு நாள்ல நான் வாரேன்."

அக்காதான் இனி வேலை பிரித்துவிடுகிற பெரட்டு மண்டோர். யாராவது மறுத்துப் பார்க்கட்டும்!

ஜூலை 17, வியாழன்

சீ. என் முறை. கடைக்கு லாரி வந்தது, டயர் கழல மறுத்தது, வெளியே கொட்டுகிற மழை. என்னோடு முறைக்கு இருந்தவளுக்குக் காய்ச்சல். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளோடு வாசலில் நின்றது யார்? கௌசிகா டீச்சர். கையில் குடை, இன்னொரு கையில் பிரிக்காத சோற்றுப் பொட்டலம்.

"பரவாயில்லக்கா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்படியே போனால் அவர் ஏன் இங்கே இருப்பார்? நானாக இருந்தால் இருப்பேனா?

ஜூலை 18, வெள்ளி

காளியம்மா அக்கா என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, முறையை இரண்டு பேரிலிருந்து மூன்று பேராக்கிவிட்டார். இனி ஒருத்தி வராவிட்டாலும் ஓடும்.

ஜூலை 25, வெள்ளி

தாய்மார்கள் ஒரு வேன் நிறைய ஏறி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய் வந்தோம். எழுத்தர் வேண்டும் என்று கேட்டோம். அதிகாரி ஒரு மலாய் அம்மா, நன்றாகப் பேசினார். "ஆசிரியர்கள் அனுப்பினார்களா?" என்று மலாயில் கேட்டார். இல்லை, நாங்களாகத்தான் வந்தோம் என்றேன். எங்கள் பிள்ளைகளின் ஆசிரியர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் எங்கள் பிள்ளைகளுடைய நேரம். அதைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறோம். என் மலாய் எனக்கே பிடித்திருந்தது.

உடனே கிடைக்காது, ஆனால் மேலே எழுதுகிறேன் என்றார். "அடுத்த மாதமும் வருவோம்" என்றோம் சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார், கொஞ்சம் பயந்துபோய்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாற்றல் விண்ணப்பம் திறந்துவிட்டதாம்.

டீச்சரிடம் கேட்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கேக்காதே. பதில் சொல்றதும் அவங்களுக்கு ஒரு வேலைதான்லா."

நியாயம்தான். ஆனாலும் நாக்கு அரிக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேட்கவில்லை. இரண்டு தடவை வாய்வரை வந்தது. ஒருதரம் டயர் விலை சொல்லிச் சமாளித்தேன். அவர் டயர் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஈப்போவில் கதை சொல்லும் போட்டி. மேடையில் தினேஸ். மண்டபம் நிறைய ஆட்கள். கதையில் நரி கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் பிள்ளைக்கு மறந்துவிட்டது. அப்படியே நின்றாள். ஐயோ கடவுளே, அவ்வளவுதான், முடிஞ்சுச்சு, இனி வாயத் தொறக்க மாட்டா...

கண் மட்டும் எங்கேயோ தேடியது. நானும் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்துக் கடைசியில், சாத்தியிருந்த கதவுக்குப் பக்கத்தில் கௌசிகா டீச்சர். கதவை விரலால் சுட்டிக் காட்டினார்.

தினேஸ் கதவைப் பார்த்தாள். பிறகு நரி கிணற்றை எட்டிப் பார்த்தது, விழுந்தது, ஏமாந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவளுக்குப் பயமாக இல்லை, நின்று ரசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பரிசு சிம்பாங் பூலாய்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போனது. போகட்டும். நான் அழுதுவிட்டேன்.

திரும்பும்போது டீச்சர், "வீடு பக்கத்துலதான், வந்துட்டுப் போங்கக்கா" என்றார். போனோம். அந்த ஈப்போப் பள்ளி அவர் வீட்டு வாசலிலிருந்தே தெரிகிறது. நடந்தே போகலாம். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் போனாலும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விண்ணப்பம் இன்றோடு மூடிவிட்டது. கேட்கவில்லை. நானா இது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி டிங் என்றது. பெற்றோர் குழு. ஏழரை மணிக்கு யாருக்கு இவ்வளவு திமிர் என்று ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தால், கௌசிகா டீச்சர்.

"பெற்றோர்களுக்கு வணக்கம். மாற்றலுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. நாளை நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், அதுவரை பொறுக்க முடியவில்லை. ஏழு மணி தாண்டிவிட்டது என்று தெரியும். மன்னிக்கவும்."

நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு ஓடிவந்தார். பதில் எழுதப் போனேன். தினேஸ் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். (மாற்றல் விஷயம் எப்படியோ அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது.)

"அம்மா! ரூல்ஸ்!"

"அடிப்பாவி, இதுக்கு கூடவா?"

"டீச்சருக்காக வச்ச ரூல்ஸ்தானே?"

அந்தப் பிள்ளையைப் பேசவைத்தது தப்போ?

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. ஆனால் ஒருவர்கூடப் பேசவில்லை. ஒரு பூ இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. 'சதாசிவம் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. பாவம் அந்த மனிதர், இன்றைக்குத் தூங்கியமாதிரிதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தினேசைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் மோட்டாரை நிறுத்தினேன். ஏழு அடித்தது. சட்டைப்பையில், கைப்பையில், மோட்டார் கூடையில், எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. வாசலில் நின்ற பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். காளியம்மா அக்கா ஷிப்டுக்குப் போகிற அவசரத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். என் நெற்றியில் இடித்தது.

ஆசிரியர் அறைக்கு ஓடினேன். டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். அலமாரியில் இருந்த அத்தனை கோப்பைகளையும் எடுத்துவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

"டீச்சர், என்ன இது? குடுங்க இப்படி, நான் கழுவுறேன்."

"வேணாம்கா. நேத்து மீறினது நான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்லா."

எங்களை மாதிரியே கௌசிகா டீச்சர் வாயிலிருந்தும் பேச்சுக் கடைசியில் 'லா' வந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"எல்லாரும் என்னமோ எழுதி அனுப்பியிருக்காங்க. பாருங்களேன்."

"கழுவி முடிச்சிட்டு பாக்கிறேன்."

துடைக்கத் துணி எடுத்தேன். அதற்கும் விடவில்லை. பக்கத்தில் புதிதாகக் கலக்கிய தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. சரி என்று அதை மட்டும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு, கைப்பேசி கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

கடைக்குத் தாமதமாகத்தான் போனேன். முதலாளி கேட்டதற்கு, டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டேன்.